ஆத்திப்பட்டணத்தின் அடிமூச்சு

சத்தியமாகச் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்! இதில் ஒரு சொல் பொய்யென்றால் உள்ளங்கையில் சூடம் ஏற்றிக்கொண்டு ஆத்திப்பட்டணம் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி வருகிறேன், அதுவும் போதாதென்றால் என் நாக்கில் சுண்ணாம்பைத் தடவிவிட்டுப் போங்கள், ஏன் என்று கேட்கமாட்டேன். என்னைப் பற்றி ஊரில் நாலு பேர் நாலு விதமாகச் சொல்வார்கள், கிணற்றுக்குள் கப்பல் பார்த்த ஆள் என்பார்கள். கப்பல் பார்த்தது உண்மை, அது வேறு கதை. இதில் நான் எதையும் கூட்டவில்லை. குறைத்தது மட்டும் கொஞ்சம் உண்டு, முழுசும் சொன்னால் நம்பமாட்டீர்களே என்றுதான்.

ஆத்திப்பட்டணத்தை அரசாங்கம் மாநகராட்சி ஆக்கிய வருஷம் அது. போர்டில் எழுத்து மாறியதே தவிர ஊரில் ஒன்றும் மாறவில்லை. அதே செம்மண் புழுதி, விடியக் காலையில் அதே பஞ்சுமில் சங்கு, ரயில்வே கேட்டில் அதே காத்திருப்பு. நாங்களும் நகரம்தான் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்ல ஜனங்களுக்கு ஏதோ ஒன்று தேவைப்பட்டது. அந்த நேரம் பார்த்துச் சிமெண்டுக் கம்பெனி முதலாளி ஒருவர் பெரிய கபடி லீக் ஒன்றில் ஓர் அணியை ஏலத்தில் எடுத்து, ஊர்ப் பெயரை அதற்குச் சூட்டி, பிடித்தால் விடாத உடும்பைச் சின்னமாக்கி, மஞ்சள் பனியனில் அச்சடித்தும் கொடுத்துவிட்டார். அவ்வளவுதான், மறுநாள் காலை ஊர் நகரமாகக் கண்விழித்தது. பால்காரர் மஞ்சள் பனியனில் வந்தார், தாசில்தார் ஆபீஸ் பியூன் மஞ்சள் பனியனில் வந்தார், மாப்பிள்ளை பார்க்க வந்த வீட்டார் பையனிடம் முதலில் கேட்டதே உடும்புகளின் ஆட்டத்தைப் பற்றித்தான்.

அந்த லீக்கில் ஒரு விசேஷம் உண்டு. எதிராளி கோட்டைக்குள் பாடிப் போகிறவனுக்குக் கடிகாரம் கிடையாது, பழைய சடுகுடு மாதிரி மூச்சுதான் கணக்கு. நடுக்கோட்டைத் தாண்டும்போது இழுத்த மூச்சு அறுந்தால் ஆள் அவுட். அறுகிறவரை எவ்வளவு நேரமும் நிற்கலாம், தொடலாம், ஏழு பேர் மேலே விழுந்து அமுக்கினாலும் பாட்டை விடாமல் ஊர்ந்து வந்து நடுக்கோட்டைத் தொட்டுவிடலாம். உடும்புகளில் அப்படிப் பாடிப் போகிறவன் வெயிலுமுத்து, ரயில்வே லைனுக்கு மேற்கே பனங்கிழங்கு விற்கிற வீட்டுப் பிள்ளை, ஒல்லியான ஆள், சிரித்தால் முன்பல்லில் ஒன்று பாதி இருக்காது. அணியில் சொந்த ஊர்க்காரன் அவன் ஒருவன்தான். மற்றவர்கள் எல்லாம் எங்கெங்கிருந்தோ ஏலத்தில் வந்தவர்கள்.

நம் கதை சொரிமுத்துவைப் பற்றியது. பஸ் ஸ்டாண்டிலிருந்து மில் கேட் வரை போகும் டவுன் பஸ்ஸின் கண்டக்டர் சொரிமுத்து. அவர் விசில் ஊதினால் பஸ் மட்டுமல்ல, எதிரே வரும் எருமையும் நிற்கும் என்பார்கள். ஊரிலேயே பெரிய உடும்புப் பைத்தியம் அவர், அவரைவிடப் பெரிய பைத்தியம் அவர் மனைவி தங்கபுஷ்பம். மில்லில் நூல் சுற்றும் பிரிவில் கல்யாணத்துக்கு முன்னாலிருந்து நின்றவள் அவள். பஞ்சுத் தூசி நெஞ்சில் படிந்து படிந்து, இப்போது குடத்தைத் தூக்கினால் இழுப்பு, படியேறினால் இழுப்பு, சிரித்தால்கூட இழுப்பு. ஆனாலும் சிரிக்காமல் இருக்கமாட்டாள்.

முதல் சீசனுக்கு அணி புறப்படும் நாளில் வெயிலுமுத்து கையில் ஒரு கயிறு மந்திரித்துக் கட்டுவது என்று முடிவானது. எங்கள் பக்கத்தில் காய்ச்சல் வந்த பிள்ளைக்கும் கட்டுவோம், புது லாரிக்கும் கட்டுவோம். வாய்க்குள் நல்ல வார்த்தை சொல்லி முடிச்சில் ஒரு மூச்சு ஊதிக் கொடுப்பார்கள், அந்த மூச்சுதான் காவல். ஊதுவது யார் என்பதில்தான் வம்பு வந்தது. அம்மன் கோவில் பூசாரி தான்தான் என்றார். தர்காவில் ஓதி ஊதுகிற அசரத்து தான்தான் என்றார். மாதா கோவில் உபதேசியார் "நான் ஊதமாட்டேன், ஜெபம்தான் பண்ணுவேன், ஆனா மொதல்ல பண்ணுவேன்" என்றார். அணியின் பஸ் இன்ஜின் போட்டு நிற்கிறது, பேச்சு முடியவில்லை. பக்கத்தில் தன் டவுன் பஸ்ஸின் படியில் தொங்கிக்கொண்டிருந்த சொரிமுத்துவுக்குப் பொறுக்கவில்லை.

"ஊரு டீம்னா ஊரே ஊதுங்கவே! இதுக்குப் போயி என்ன பஞ்சாயத்து?" என்று ஒரு சத்தம் போட்டார்.

கேட்டவர்களுக்கெல்லாம் அது நியாயமாகப் பட்டது. ஒரு முடிச்சு ஒரு மூச்சைத்தான் தாங்கும் என்பது பூசாரிக்குத் தெரியும், அசரத்துக்கும் தெரியும். மற்றவர் மட்டும் தனியாக ஊதாமல் போனால் போதும் என்ற சந்தோஷத்தில் இருவரும் வாயைத் திறக்கவில்லை. யோசனை சொன்னவர் என்பதால் கயிறு முதலில் சொரிமுத்து கைக்குத்தான் வந்தது. அவர் தான் ஊதவில்லை. நேரே பெரியாஸ்பத்திரிக்குப் போனார், அங்கே மூச்சுத்திணறலில் படுத்திருந்த மனைவியின் வாய்க்கு நேராக முடிச்சைப் பிடித்தார். இந்த ஊரின் முதல் மூச்சு தங்கபுஷ்பத்துடையதாக இருக்க வேண்டும் என்று அவருக்கு ஓர் ஆசை.

"ஊத மூச்சு இருந்தா நான் ஏன் இங்க கெடக்கேன்?" என்றாள் அவள். ஆனால் ஊதினாள், அடிவயிற்றிலிருந்து, இருமிக்கொண்டே.

அதற்குப் பிறகு கயிறு வார்டு வார்டாகப் போனது, தெருத் தெருவாகப் போனது, பள்ளிக்கூடத்துக்குப் போனது, போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் லாக்கப் கம்பிக்குள் நுழைந்து வெளியே வந்தது, பல் இல்லாத கிழவர்கள் உஸ்ஸென்று ஊதினார்கள், பால்குடிப் பிள்ளைகளை மூக்கைப் பிடித்து ஊதவைத்தார்கள், சாயங்காலம் அது வெயிலுமுத்துவின் இடது கையில் ஏறியபோது கல்லைக் கட்டியதுபோலக் கனத்தது என்று அவன் பின்னால் சொன்னான்.

முதல் ஆட்டம் வெளியூரில். மாநகராட்சி மைதானத்தில் பெரிய திரை கட்டி ஊரே உட்கார்ந்திருந்தது. வெயிலுமுத்து குனிந்து மண்ணைத் தொட்டுக் கும்பிட்டு, நடுக்கோட்டில் கால் வைத்தான். அந்தக் கணத்தில் ஆத்திப்பட்டணத்தில் இருந்த ஒவ்வொருவர் நெஞ்சிலிருந்தும் மூச்சு எழுந்து போனது. நோவு இல்லை, திணறல் இல்லை. ஆடிக்கொண்டிருந்த சுவர்க்கடிகாரத்தை ஒருவர் கையால் பிடித்து நிறுத்தியதுபோல நெஞ்சு நின்றது, அவ்வளவுதான். திரையில் வெயிலுமுத்து பாடினான், பாடினான், நாலு பேர் இடுப்பைப் பிடித்துத் தொங்க அவர்களையும் இழுத்துக்கொண்டு பாடி வந்து கோட்டைத் தொட்டான். தொட்டதும் எல்லோருக்கும் மூச்சு திரும்பி வந்தது. முதலில் எல்லோரும் கைதட்டினார்கள். பிறகுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"ஒனக்குமாவே?"

"எனக்கும்தான்."

"செரி, வந்துட்டுல்லா. ஆட்டத்தப் பாரும்."

இப்படித்தான் ஊர் அதை எடுத்துக்கொண்டது. சில நாளில் ஆட்ட நாளுக்கென்று பழக்கங்கள் உண்டாகிவிட்டன. பலூன்காரர் அன்றைக்குக் கடை போடுவதில்லை. கல்யாணத்தில் தாலி கட்டும் நேரம் நாதஸ்வரம் பாதியில் நின்றால் அபசகுனம் என்று யாரும் பதறுவதில்லை. வெயிலுமுத்து பாடுகிறான், திரும்பி வரட்டும், கட்டலாம் என்று மாப்பிள்ளை தாலியைக் கையில் பிடித்தபடி நிற்பார், அப்படி நின்று கட்டிய தாலிக்கு ராசி அதிகம் என்றும் பேச்சு வந்தது. குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறவரை நிறுத்தி "ஊது" என்று சொன்ன ஏட்டய்யாவும் ஊத வேண்டியவரும் மூச்சில்லாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள், மூச்சு வந்ததும் இருவரும் "பாயிண்டு நமக்கா?" என்று கேட்டுக்கொண்டு பிரிந்து போனார்கள். அந்த நேரங்களில் ஊருக்குள் கேட்பதெல்லாம் காக்கைச் சத்தம், குக்கர் சத்தம், கயிறு சுற்றி வந்த பிறகு பிறந்த பிள்ளைகளின் அழுகை, இவைதான். பேங்குக்குப் புதிதாக மாற்றலாகி வந்த பீகார்க்கார மேனேஜர் மிஸ்ரா, ஊரே அசையாமல் நிற்கத் தான் ஒருவர் மட்டும் புஸ் புஸ்ஸென்று மூச்சு விடுவதை நினைத்து வெட்கப்பட்டு, அணி ஊருக்கு வந்த நாளில் வெயிலுமுத்துவின் கையைப் பிடித்துக்கொண்டு அழாத குறையாகக் கெஞ்சி, தானும் ஒருமுறை ஊதிக்கொண்டார். அதற்குப் பிறகுதான் அவருக்குக் கடையில் கடன் கொடுத்தார்கள்.

ஆனால் ஊருக்கு ஒரு குறை இருந்தது. வெயிலுமுத்து கோட்டைக்குள் அதிக நேரம் நிற்பதில்லை. ஒரு பாயிண்டு எடுப்பான், திரும்பிவிடுவான். இன்னும் கொஞ்சம் நின்றால் மொத்தக் கோட்டையையும் காலி பண்ணலாம் என்று தெரிகிற இடத்திலும் திரும்பிவிடுவான். உடும்புகள் அரையிறுதி வரை வந்து தோற்றார்கள், அடுத்த வருஷமும் அப்படியே தோற்றார்கள்.

"மாமியார் வீட்டு வாசப்படிய மிதிச்சவன் கணக்கா ஓடியாரான்!" என்று டீக்கடையில் பேசினார்கள். எல்லோரைவிடவும் உரக்கப் பேசியவர் சொரிமுத்துதான். "ஊரு மூச்சு பூராவும் கையில கெடக்கு, அதச் செலவழிக்க மனசு வரலியாவே அவனுக்கு? கஞ்சப்பய!"

வீட்டில் தங்கபுஷ்பம் அந்தப் பேச்சை ஒத்துக்கொள்ளமாட்டாள். "பிள்ளைய ஏசாதீங்க. அவனுக்கு என்ன கஷ்டமோ" என்பாள்.

இதற்குள் அவள் நிலைமை மோசமாகிக்கொண்டு வந்தது. மற்றவர்களுக்கு மூச்சு போன மாதிரியே திரும்பி வந்தது; அவளுக்கு மட்டும், இரவல் கொடுத்த பாத்திரம் நசுங்கித் திரும்புவதைப்போல, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் குறைந்து வந்தது. ஆட்டம் முடிந்த மறுநாள் அவள் உதடு நீலம் பூத்திருக்கும். பெரியாஸ்பத்திரி டாக்டர் ஷமீமா நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, சொரிமுத்துவை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"வெயிலுமுத்து இதுவரைக்கும் சீக்கிரம் திரும்பினதால இவங்க பொழச்சாங்க. ஒரே ஒரு நாள் அவன் இழுத்து ஆடினான்னா, போன மூச்சு திரும்பாது. நானும் ஊதினவதான், எனக்கும் உடும்புன்னா உசுருதான். ஆனா கயித்த அறுக்கச் சொல்லுங்க."

வீட்டுக்கு வந்து சொரிமுத்து இதைச் சொன்னபோது தங்கபுஷ்பம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"அறுக்கக் கூடாது."

"ஏட்டி, ஒனக்கு என்ன கிறுக்கா?"

"மில்லுக்காரன் என் மூச்ச எடுத்தான்லா, என்னையக் கேட்டா எடுத்தான்? எடுத்து என்ன செஞ்சான்? நூலாக்கி வித்துட்டுப் போயிட்டான். இந்தப் பிள்ள கேட்டு வாங்கிட்டுப் போறான். டிவியில அவன் பாடும்போது அதுல என் மூச்சும் ஓடுதுன்னு நெனைச்சா, எனக்கு... அத உங்களுக்குச் சொல்லத் தெரியல. என் மூச்சு எங்க போவுதுன்னு எனக்குத் தெரியும். நீங்க சும்மா கெடங்க."

சொரிமுத்துவால் சும்மா கிடக்க முடியவில்லை. ஆட்ட நாளெல்லாம் அவர் திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு மனைவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சீக்கிரம் திரும்பு, சீக்கிரம் திரும்பு என்று, முன்னால் கஞ்சப்பய என்று ஏசிய அதே வாய்க்குள், மூச்சில்லாமல் வேண்டிக்கொண்டார்.

இப்படி இருக்கும்போதுதான் முதலாளி அணியை விற்றார். பெயர் சொல்ல எனக்கு மனசில்லை, வடக்கே ஒரு பெரிய நகரம். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்ததால் ஆட்டக்காரர்களும் மேஜை நாற்காலியோடு சேர்ந்து போனார்கள். உடும்பை அழித்துக் கழுகை வரைந்தார்கள், மஞ்சளை மாற்றி நீலமாக்கினார்கள், ஊர்ப்பெயரைச் சுரண்டிவிட்டு அந்த நகரத்தின் பெயரை எழுதினார்கள். எல்லாவற்றையும் மாற்றியவர்களுக்கு வெயிலுமுத்துவின் கையில் கிடந்த அழுக்குக் கயிறு கண்ணில் படவில்லை.

புதிய சீசன் தொடங்கியது. டிவியில் கழுகுகள் ஆடினார்கள். வெயிலுமுத்து கோட்டைத் தாண்டினான். ஆத்திப்பட்டணத்தின் மூச்சு எழுந்து போனது.

ஊருக்கு அப்போதுதான் கோபம் வந்தது. கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். நம்ம மூச்சில் அடுத்த ஊர்க்காரனுக்கு என்ன பாயிண்டு என்று ஒரு கட்சி. கொடுத்த மூச்சைத் திருப்பிக் கேட்பது கேவலம், பந்தியில் வைத்த இலையை எடுக்கிற மாதிரி என்று இன்னொரு கட்சி. வெயிலுமுத்து நம்ம பிள்ளைதானே, அவன் போட்டிருக்கிற பனியன் நிறத்துக்கா நாம் ஊதினோம் என்று பூசாரியும் அசரத்தும், வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரே வார்த்தையைச் சொன்னார்கள். மிஸ்ரா எழுந்து, தன் சொந்த ஊர் அந்தப் பக்கம்தான் என்றாலும் தன் மூச்சு ஆத்திப்பட்டணத்துக்குத்தான் என்று தெரிந்த தமிழில் சொல்லி உட்கார்ந்தார், அவருக்குக் கைதட்டினார்கள். கடைசியில் கயிற்றை வாங்கி வர ஓர் ஆளை அனுப்புவது என்றும், யோசனை சொன்ன வாய்தான் போய்க் கேட்க வேண்டும் என்றும் தீர்மானமாகி, சொரிமுத்து கைக்கு ரயில் டிக்கெட் வந்தது. கழுகுகள் இறுதிப் போட்டிக்கு வந்திருந்தார்கள்.

அவருக்கு அது தெய்வம் கொடுத்த டிக்கெட்டாகப் பட்டது. புறப்படும்போது தங்கபுஷ்பம் ஒரு பொட்டலம் கருப்பட்டி மிட்டாயை அவர் பையில் வைத்தாள்.

"அவனுக்குப் பிடிக்கும். ஊரு சொன்னதச் சொல்லுங்க. கூட நான் சொன்னேன்னும் சொல்லுங்க. ஃபைனலுல பயப்படாம இழுத்து ஆடச் சொல்லுங்க."

அந்த நகரத்தில் கட்டடங்களுக்கு முடிவே இல்லை. கழுகுகளின் ஓட்டலில் மிஷின் குளிரில் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்த சொரிமுத்துவைப் பார்த்ததும் வெயிலுமுத்து ஓடி வந்து கட்டிக்கொண்டான். மிட்டாயை அங்கேயே பிரித்து வாயில் போட்டுக்கொண்டான்.

"இங்கன எப்படிப்பா இருக்க?"

"நல்ல சாப்பாடு, மாமா. கைதட்டுதாங்க. ஜெயிச்சா எழுந்து நிக்காங்க, தோத்தா எழுந்து போறாங்க. ஏசக்கூட மாட்டாங்க, மாமா. தோத்த அன்னைக்கி நம்ம ஊருல என் வீட்டு வாசல்ல வந்து நின்னு ஏசுவாங்கள்லா, நீங்ககூட வந்தீங்களே. அது இல்லாம எனக்குத் தூக்கமே வரல."

சொரிமுத்து தலை குனிந்துகொண்டார். இரண்டு செய்தி கொண்டுவந்திருந்தார், ஒன்று ஊருடையது, ஒன்று மனைவியுடையது; மூன்றாவதாகத் தன்னுடைய ஒன்றும் இருந்தது. மனைவியுடையதை முதலில் சொன்னார்.

"ஒன்னைய இழுத்து ஆடச் சொன்னா, தங்கபுஷ்பம். மில்லுத் தூசியில நெஞ்சு கெட்டவ, கயித்துல மொத மூச்சு அவளுதுதான்."

வெயிலுமுத்து மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினான்.

"அது அத்தையா? அந்தப் பஞ்சு வாசனை அத்தையா?"

"என்ன பஞ்சு வாசனை?"

"நான் உள்ள எறங்கினதும் ஊரே வந்துரும், மாமா. மேல மிஸ்ரா சாரு கடுகெண்ணெ. பொறவு பீடி, வெத்தல, அசரத்து பாயோட ஏலக்கா, ஆஸ்பத்திரி டெட்டாலு, எல்லாம் ஆத்துத் தண்ணி கணக்கா சலசலன்னு ஓடும். கடைசியில, அடியில, ஒண்ணு வரும். பஞ்சு வாசனையா, கரகரன்னு இழுத்துக்கிட்டு வரும். யாருன்னு தெரியாது. ஆனா அந்த இழுப்பு கேட்டதும் என் காலு தன்னால கோட்டுக்குத் திரும்பிரும். நான் நிக்கிற நேரமெல்லாம் அந்த நெஞ்சுல இருந்துல்லா போவுது? எப்படி மாமா நிக்க?"

டீக்கடையில் தான் போட்ட சத்தம் சொரிமுத்துவின் காதுக்குள் கேட்டது. கஞ்சப்பய. அவர் அழுதார். கண்டக்டர் அழுதால் எப்படி இருக்கும் என்று நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். விசில் அடைத்துக்கொண்டதுபோல இருக்கும். அழுதுகொண்டே, "கயித்தக் குடுத்துரு, மக்கா" என்றார். அதை ஊருக்காகக் கேட்டாரா தனக்காகக் கேட்டாரா என்று அவருக்கே தெரியவில்லை.

வெயிலுமுத்து இடது கையைத் தூக்கினான். கயிற்றைப் பல்லால் நெகிழ்த்தி, முடிச்சு அவிழாமல் உருவி, சொரிமுத்துவின் கழுத்தில் தொங்கிய விசிலோடு சேர்த்துக் கட்டினான்.

இறுதிப் போட்டியில் அவன் தன் சொந்த மூச்சில் ஆடினான். கடைசிப் பாட்டு. ஒரு பாயிண்டு எடுத்தால் கோப்பை. அவன் கோட்டைத் தாண்டியபோது அவ்வளவு பெரிய அரங்கில் சொரிமுத்து ஒருவர்தான் வழக்கம்போலக் கண்ணை மூடி, நெஞ்சு நிற்கட்டும் என்று காத்திருந்தார். நிற்கவில்லை. மூச்சு தன்பாட்டுக்கு உள்ளே போனது, வெளியே வந்தது. இவ்வளவு நாள் வெயிலுமுத்து பாடும்போது அவருக்குச் சத்தம் போட வாய்த்ததே இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல், விசிலை எடுத்து, மில் கேட்டில் ஊதுவதைப்போல ஒரே இழுப்பாக ஊதினார்.

வெயிலுமுத்துவுக்கு அது கேட்டது. கோட்டைக்குள் நின்றபடி சிரித்தான், பாதிப் பல் தெரிந்தது. அன்றைக்கு அவன் திரும்பவில்லை. முதல் தடவையாக இழுத்து ஆடினான், தொட்டான், துள்ளினான், ஆறு பேர் மேலே விழுந்தார்கள், அவர்களுக்கு அடியில் பாடிக்கொண்டே ஊர்ந்து வந்தான்.

அதே நேரம் ஆத்திப்பட்டணத்தில் நடந்ததைச் சொரிமுத்து பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டார். மூச்சு போகும் என்று காத்திருந்த ஊர், போகவில்லை என்றதும் பதறிவிட்டது. கையைவிட்டு ஏதோ நழுவிய மாதிரி இருந்தது அவர்களுக்கு. பிறகு, சொரிமுத்து ரயிலேறிய பிறகு இழுப்பு அதிகமாகிச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரியில் தங்கபுஷ்பம் முதலில் மூக்கைப் பொத்தினாள் என்கிறார்கள், இல்லை மைதானத்தில் அசரத்துதான் முதலில் என்கிறார்கள், ஒருவரைப் பார்த்து ஒருவராக ஊர் முழுக்க மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டு, எந்தக் கயிறும் இழுக்காமல், தாங்களாகவே மூச்சைப் பிடித்தார்கள். அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. நடுக்கோட்டுக்கு ஒரு சாண் இருக்கும்போது வெயிலுமுத்துவின் மூச்சு அறுந்தது.

அந்த நகரத்துக்காரர்கள் எழுந்து போனார்கள். கார்களை எடுத்துக்கொண்டு அவரவர் வீட்டுக்குப் போனார்கள். மறுநாள் அங்கே வேறு ஏதோ விளையாட்டு. கழுகுகள் வெயிலுமுத்துவை விடுவித்தார்கள். அவனும் சொரிமுத்துவும் ஒரே ரயிலில் ஊர் வந்து இறங்கினார்கள், ஏசுவதற்கென்றே ஸ்டேஷன் வாசலில் ஒரு கூட்டம் காத்திருந்தது. ஆசை தீர ஏசிவிட்டு, தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் மாநகராட்சி மைதானத்தில், ஊதியவர்களெல்லாம் வரிசையில் நின்று, முடிச்சை மூக்கருகில் வைத்துத் தங்கள் மூச்சை இழுத்துக்கொள்வது என்று ஏற்பாடு. தங்கபுஷ்பத்தால் வரிசையில் நிற்க முடியாது என்பதால் கயிறு முதலில் ஆஸ்பத்திரிக்குப் போகட்டும் என்றான் வெயிலுமுத்து, தானே எடுத்துப்போய் வருவதாகவும் சொன்னான். சொரிமுத்து கூடப் போனார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் வெயிலுமுத்து நின்றான். சுவர்ப் பக்கம் திரும்பினான். முடிச்சை வாய்க்கு நேராக வைத்து மெதுவாக, நீளமாக, அடிவயிறு ஒட்டும்வரை ஊதினான்.

சொரிமுத்துவுக்கு உடனே விளங்கிவிட்டது. கூட்டமான பஸ்ஸில் கடைசியாக ஏறிப் படியில் நிற்கிறவன்தான் முதலில் இறங்குவான், முதலில் ஏறி உள்ளே ஒண்டியவன் எல்லோரும் இறங்கிய பிறகுதான் இறங்க முடியும். இதை அவர் தினமும் பார்க்கிறவர். கடைசியாக ஊதிய மூச்சு மேலே நிற்கிறது. அடியில் கிடக்கிறது முதல் மூச்சு, தங்கபுஷ்பத்துடையது.

"ஏல, வேண்டாம்!" என்று கையைப் பிடித்தார். "நீ வெளையாட்டுக்காரம்ல."

"எத்தன வருசமா அவுக மூச்ச எடுத்து ஆடியிருக்கேன், மாமா," என்றான் வெயிலுமுத்து. "விடுங்க."

விடாமல் இருந்திருக்கலாம். அவருக்குப் பலம் இருந்தது, நியாயமும் இருந்தது. திறந்த கதவு வழியாக உள்ளே மனைவியின் நெஞ்சு கரகரவென்று இழுப்பது கேட்டது. சொரிமுத்து கையை விட்டார். அந்தக் கை இன்னும் அவருக்கு ராத்திரியில் கனக்கிறது என்று சொல்லக் கேள்வி.

தங்கபுஷ்பம் முடிச்சை முகர்ந்தாள். இழுத்தாள். இன்னும் இழுத்தாள். கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். "என்னங்க இது, காத்து இவ்வளவு உள்ள போவுது!" என்றாள்.

பிறகு ஊர் வரிசையில் நின்றது. வரிசை என்றால் எங்கள் ஊரில் தெரியாதா, இடித்துக்கொண்டும் நுழைந்துகொண்டும் நின்றதில் பலருக்கு அடுத்தவர் மூச்சு வந்துவிட்டது. மிஸ்ராவுக்குப் பரோட்டா மாஸ்டர் மூச்சு வந்து, இப்போதும் பேங்கில் கையெழுத்துப் போடும்போது மேஜையை இரண்டு தட்டுத் தட்டுவார். பூசாரியிடம் ஏலக்காய் மணக்கிறது, அசரத்திடம் விபூதி மணக்கிறது, இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. எல்லோரும் எடுத்த பிறகு, காலியான மைதானத்தில், வெயிலுமுத்து கடைசியாக முடிச்சை மூக்கருகில் வைத்து, அடியில் கிடந்ததை இழுத்துக்கொண்டான். உடனே இருமினான்.

அந்த லீக் இன்னும் நடக்கிறது, கழுகுகளுக்கு இப்போது வேறு ஆள். ஆத்திப்பட்டணத்துக்கு அணி இல்லை. மஞ்சள் பனியன்களால் பஸ் கண்ணாடி துடைக்கிறார்கள். வெயிலுமுத்து பஸ் டிப்போவில் டைம் ஆபீசில் உட்கார்ந்திருக்கிறான். விடியக் காலையில் மில் சங்கு ஊதினால் வேலைக்கு நேரமாகிவிட்டதுபோலத் திடுக்கிட்டு எழுந்துவிடுகிறான். தங்கபுஷ்பம் சமைக்கும்போது தன்னை அறியாமல் சடுகுடு சடுகுடு என்கிறாள். இரண்டு குடத்தைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுகிறாள். வெயிலுமுத்துவுக்குச் சுக்குக் கசாயம் கொண்டுபோய்க் கொடுத்து, "வயசுப்பய, என்னல இப்படி இழுக்கே? ஒழுங்கா சாப்பிடுதியா?" என்று அவள் ஏசுகிறபோது அவன் சிரிக்கிறான். பக்கத்தில் சொரிமுத்து விசிலைத் துடைத்துக்கொண்டே இருக்கிறார்.

சாயங்காலம் டிப்போவிலிருந்து வீட்டுக்குப் போகும் வழியில் வெயிலுமுத்து ரயில்வே மேம்பாலத்தின் படியேறுவான், பாதியில் நின்று மூச்சு வாங்குவான். அப்போது முன்னும் பின்னும் ஏறுகிற ஜனங்களும் நின்றுவிடுகிறார்கள். யாரும் சொல்லி நிற்பதில்லை. காய்கறிப் பையோடு, பள்ளிக்கூடப் பையோடு, செல்போனைக் காதில் வைத்தபடி, அவன் மறுபடி கால் எடுத்து வைக்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். ஏன் என்று கேட்டால் அவர்களுக்குச் சொல்லத் தெரியாது.

உங்களுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததோடு நிற்கட்டும். வராந்தாவில் நடந்தது இன்றுவரை தங்கபுஷ்பத்துக்குத் தெரியாது, இதைச் சொன்னது யார் என்று ஒருவரிடமும் மூச்சு விடாதீர்கள். அவள் காதுக்குப் போனால் கரண்டியைத் தூக்கிக்கொண்டு என்னைத் துரத்துவாள், எனக்கோ வயசாகிவிட்டது, ஆத்திப்பட்டணத்தில் இப்போது அவளுக்கு முன்னால் ஓடித் தப்பிக்கிற ஆள் ஒருவரும் கிடையாது.